சாவிக்குச் செம்பு முலாம்

ஜூலை 10, புதன்

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக வருகிறது.

ஜூலை 11, வியாழன்

தினமும் நாலு வரி எழுத வேண்டும், எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும் என்று ரெஹானா சொல்லியிருக்கிறார். பாளையங்கோட்டை மருத்துவமனையில் எனக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர். எழுதிவிட்டேன். படிக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று கை கொஞ்சம் பழகியிருக்கிறது. அதனால் முறையாகத் தொடங்குகிறேன்.

திருமலையப்பன். நாற்பத்தெட்டு வயது. அம்பாசமுத்திரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பள்ளி திறந்த வாரத்தில், காலை வழிபாட்டுக்கு நின்றுகொண்டிருந்தபோது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். கால் ஓரளவு திரும்பிவிட்டது. வலது கை, பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறது, விடச் சொன்னால் யோசிக்கிறது. நாக்குதான் மோசம். சொல்ல நினைப்பது தலைக்குள் தெளிவாக இருக்கிறது. வாய்க்கு வரும்போது வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல ஆகிவிடுகிறது.

நேற்று பால்காரரிடம் "நாளைக்கு வேண்டாம்" என்றேன். அவர் வடிவைத் திரும்பிப் பார்த்தார். வடிவு என் மனைவி. அவள் எடுத்துச் சொன்னாள். அதன் பிறகு நான் வாசலுக்குப் போகவில்லை. தேவைப்பட்டால் தாளில் எழுதிக் காட்டுகிறேன். சௌகரியமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

தலைமையாசிரியர் ஞானராஜ் போனில் பேசினார். வடிவுதான் கேட்டுக்கொண்டாள். செப்டம்பர் கடைசி வரை மருத்துவ விடுப்பு. அதற்குள் நான் பாடம் எடுக்கும் நிலைக்கு வந்தால் சரி. இல்லையென்றால் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது எல்லாருக்கும் நல்லது என்றாராம். என் வகுப்புகளுக்குத் தற்காலிகமாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார், பெயர் ஜெபசெல்வி. நான் ஓய்வு பெற்றால் அந்த இடம் அவருக்கே நிரந்தரமாகக் கிடைக்கும் போலிருக்கிறது.

ஓய்வு நல்ல யோசனை என்று எழுதிக் காட்டினேன். வடிவு படித்துவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

வீட்டில் எழுதிக் காட்டத் தாள் இல்லை. வாங்கி வரச் சொன்னால் கடையில் தீர்ந்துவிட்டது என்கிறாள். எந்தக் கடையில் தாள் தீரும்? இந்த நாட்குறிப்பைக் கிழிக்க மனமில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஜெபசெல்வி வீட்டுக்கே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் கனமான பை. வடிவு முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. நான் சவரம்கூடச் செய்திருக்கவில்லை.

"மன்னிச்சுக்கிடுங்க சார், தொந்தரவு பண்ணுதேன். மின்முலாம் பூசுத சோதனை இருக்குல்லா, எனக்கு வரவே மாட்டேங்கு. பிள்ளையளுக்கு முன்னால மானம் போயிரும். ஒரு தடவ பாருங்களேன்."

சாப்பாட்டு மேசையிலேயே எல்லாவற்றையும் பரப்பினார். கண்ணாடிக் குவளை, செப்புத் தகடு, டார்ச் செல்கள், ஒயர், ஒரு பொட்டலம் மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட். அது உரக்கடையில் கிடைப்பதுதான். தண்ணீரில் கரைத்தால் மயில் கழுத்து நிறம் வரும். முலாம் பூசுவதற்கு ஓர் இரும்புச் சாவி.

சாவியைக் கரைசலில் போட்டார். ஒயரை இன்னும் மாட்டவில்லை. சாவி உடனே சிவந்தது. எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார், சிவப்பு முழுக்க விரலோடு வந்துவிட்டது.

"பாத்தீயளா சார்? உதுந்துட்டு."

உதிராமல் என்ன செய்யும்? இரும்பைப் போட்டால் மின்சாரமே தேவையில்லை, கரைசலில் உள்ள தாமிரம் தானாக வந்து அதன் மேல் படியும். ஆனால் ஒட்டாது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தாள் கேட்டுக் கையைக் காட்டினேன். வடிவு காணாதவள் போல அடுப்படிக்குப் போனாள். ஜெபசெல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பித்தளை" என்றேன். நான்கு எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"எது சார்?"

"பித்தளை."

"பித்தளைச் சாவியா? சரி சார். அடுத்த வாரம் கொண்டாரேன்."

அடுத்த வாரமும் வருவாராம். நான் கூப்பிடவில்லை.

ஜூலை 24, புதன்

கால் பயிற்சி. மாடிப்படி ஏறி இறங்கினேன். மதியம் சுரைக்காய்க் கூட்டு.

ஜூலை 28, ஞாயிறு

காலையிலேயே சவரம் செய்துகொண்டேன். தாடி அரிக்கிறது.

பித்தளைச் சாவியோடு வந்தார். ஆனால் செல்களையெல்லாம் வரிசையாகச் சேர்த்து மாட்டிவிட்டார். சாவியைச் சுற்றிக் குமிழ் குமிழாகக் கிளம்பியது, பிறகு கருப்பாகப் பொடி படிந்தது. கருகிய தோசை மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "செல்லு பத்தல போல சார், இன்னொண்ணு சேக்கட்டா?" என்று கேட்கிறார்!

"ஒண்ணு!" என்று கத்திவிட்டேன். "ஒண்ணு போதும்! மெதுவா! மெதுவாத்தான் படியணும்!"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னது புரிந்திருந்தது. ஜெபசெல்வி சத்தமில்லாமல் செல்களைக் கழற்றி ஒன்றை மட்டும் வைத்தார்.

இப்படிப்பட்டவர்களை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். பிள்ளைகள் பாடு பாவம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முலாம் திட்டுத் திட்டாகப் பிடித்தது, தேமல் விழுந்த முகம் மாதிரி. சாவியில் எண்ணெய்ப் பிசுக்கு. விரல் பட்ட இடமெல்லாம் பிடிக்காது. புளியும் சாம்பலும் வைத்துத் தேய்க்க வேண்டும், கழுவிய பிறகு நூலில் கட்டித்தான் தூக்க வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. பாதியில் "பிசுக்கு" என்ற சொல் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. அவர் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பேசாமல் காத்திருந்தார். வந்தது.

"எனக்குக் கை வலிக்கு சார். நீங்களே தேய்ங்க."

அவ்வளவு கனமான பையைப் பேருந்து நிலையத்திலிருந்து தூக்கி வந்தவருக்கு ஒரு சாவியைத் தேய்க்கக் கை வலிக்கிறதாம். வலது கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு இடது கையால் தேய்த்தேன். பிறகு மாற்றிப் பிடித்தேன். சாவி நழுவிக் கழுவும் தொட்டிக்குள் விழுந்துகொண்டே இருந்தது. யாரும் எடுத்துத் தரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

பாளையங்கோட்டை போனோம். ரெஹானா என்னைப் பேசவிட்டுக் கேட்டுவிட்டு, "வீட்டுல யார் சார் கூடப் பேசுறது?" என்றார். யாரும் இல்லை என்றேன். வடிவு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று வந்தது.

கரைசலில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கந்தக அமிலம் சேர்த்தால் முலாம் வழவழப்பாக வரும். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜெபசெல்வியே சேர்த்துவிட்டார், குவளையின் ஓரமாக, கண்ணாடிக் குச்சி வழியாக, கை நடுங்காமல். இதை மட்டும் யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு செல். செப்புத் தகடு நேர்மின்வாய், சாவி எதிர்மின்வாய். காத்திருந்தோம். வடிவு காபி கொண்டுவந்தாள். ஜெபசெல்வியின் கணவர் திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் இருக்கிறாராம், இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார் வீட்டில் குடியிருப்பு. நிரந்தர வேலை கிடைத்தால் தனி வீடு பார்த்து அவரையும் இங்கேயே வரவழைத்துவிடலாம் என்று இருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்தபோது புதுக் குடம் மாதிரி மின்னியது. தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"வந்துட்டு சார்!"

நான் சிரித்தேன் என்று வடிவு பிறகு சொன்னாள். வாய் ஒரு பக்கம்தான் போயிருக்கும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சோதனை வந்துவிட்டது, இனி வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். சோதனை செய்யத் தெரியுமாம், பிள்ளைகள் ஏன், எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லையாம். தகட்டிலிருந்து தாமிரம் எப்படிக் கரைசலுக்குள் இறங்குகிறது, எப்படிப் போய் மறுபக்கம் ஒட்டுகிறது, தகடு இளைத்தால் சாவி ஏன் அதே அளவு பருக்கிறது. முழுக்கச் சொன்னேன். நடுவில் எச்சில் ஒழுகியது. துடைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

வாசல் மணி அடித்தது. பால்காரர். நானே போனேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சாயங்காலம் ஞானராஜ் வந்தார். நான் பேசியதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். முன்னைவிட எவ்வளவோ தெளிவு என்றார். நானும் பெருமையாக, ஜெபசெல்வி டீச்சருக்கு மின்முலாம் பூசக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"அந்தம்மாவுக்கா? அவங்க வந்த புதுசுலயே செஞ்சு காட்டிட்டாங்களே சார். பளபளன்னு வந்துச்சு. பிள்ளைய எல்லாம் ஆளுக்கொரு சாவியில பூசிக்கிட்டுத் திரியுது. எம்.எஸ்ஸியில மெடல் வாங்குனவங்கல்லா."

அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

வடிவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"நாந்தான் போய்க் கேட்டேன். யாருக்காவது பாடம் நடத்தச் சொல்லுங்கன்னு ரெஹானா மேடம் சொன்னாங்க. நீங்க எங்கிட்டப் பேச மாட்டேன்னுட்டீய. நான் வேற எங்க போவேன்?"

"எல்லாரும் சேர்ந்து நாடகம் ஆடுதீய."

"ஆமா, ஆடுனோம். நீங்க ஒரு மாசமா வாயத் தொறக்காம இருந்தீய. இந்த வீட்டுல எம் பேச்சு மட்டுந்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. பைத்தியம் புடிச்சிரும்போல இருந்துச்சு எனக்கு."

நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை என்பது தட்டுகளைப் பார்த்தபோது தெரிந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஜெபசெல்வி வந்தார். பை இல்லாமல் வெறுங்கையோடு வந்திருந்தார். வடிவு போனில் சொல்லியிருப்பாள். இன்று உட்காராமல் கதவுப் பக்கமே நின்றார்.

உள்ளே வரச் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன்.

"ஏன் செஞ்சீங்க? நான் வராமல் போனால் அந்த இடம் உங்களுக்குத்தானே?"

"தெரியும் சார்."

"பிறகு?"

உள்ளே வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"வடிவு அக்கா வந்து கேட்டப்ப முடியாதுன்னுட்டேன். அவங்க மறுபடி வந்து கெஞ்சியிருந்தாங்கன்னா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். வரவே இல்ல. அதான் ஒரு மாதிரி ஆயிட்டு. உண்மையச் சொல்லுதேன் சார், மொத வாரம் ஒங்களுக்கு ஒதவணும்னு வரல. ஒங்களால இனி முடியாதுன்னு என் கண்ணால பாத்துட்டா நிம்மதியாப் போயிரலாம்னுதான் வந்தேன்."

"பார்த்தீங்களா?"

"பாத்தேன். பித்தளைங்கிற ஒரு சொல்லுக்கு நீங்க பட்ட பாட்டப் பாத்துட்டு, சரி, இவரு வர மாட்டாருன்னு நெனச்சேன். பஸ்ஸுல போகும்போது எந்தத் தெருவுல வீடு பாக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே போனேன்."

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

"பிறகு ஏன் வந்தீங்க?"

"அடுத்த வாரமும் அத உறுதிப்படுத்திக்கிடத்தான் வந்தேன். செல்ல எல்லாம் சேத்து மாட்டுனேன். நீங்க கத்துனீய. மெதுவாத்தான் படியணும்னு. நல்லா இருந்துச்சு சார் நீங்க சொன்னது. இவ்வளவு கோவப்படுத மனுசன் பாடம் எடுக்காம இருக்க முடியாதுன்னு தோணிட்டு. அதுக்கு மேல என்னால நிப்பாட்ட முடியல."

வடிவு வந்து மூன்று பேருக்கும் இட்லி வைத்தாள். யாரும் அதிகம் பேசவில்லை. நான்தான் சட்னி கேட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் ஜெபசெல்விக்கு நல்லது என்று இன்று வடிவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்காகவா எழுதிக் குடுக்கப் போறீய? இல்ல, பயந்துட்டா?"

அவள் ஆய்ந்த கீரையைக் கழுவினேன், வலது கையால்.

செப்டம்பர் 5, வியாழன்

ஞானராஜுக்கு நானே போன் செய்தேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார், இருந்தாலும் புரிந்துகொண்டார். அடுத்த புதன்கிழமை பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு பாடம். அவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். பிறகு முடிவு.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஜெபசெல்வி வரவில்லை. பாட ஆயத்தம் நானே செய்தேன். வடிவு முன்னால் உட்கார்ந்து கேட்டாள். தூங்கிவிட்டாள்.

செப்டம்பர் 11, புதன்

பள்ளிக்கு ஆட்டோவில் போனோம். படிக்கட்டில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

வகுப்பு எழுந்து நின்றது. "வணக்கம் ஐயா" என்றார்கள். நான் வணக்கம் சொன்னதும் முன் பெஞ்சில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டான், சிரிப்பை அடக்க. அதைப் பார்த்தேன். ஞானராஜ் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

மின்முலாம்தான் எடுத்தேன். வேறு எது எடுப்பேன். சாவியைத் தேய்த்துக் கழுவிக் காட்டினேன். கரைசலைக் காட்டினேன். ஒயர்களை மாட்டினேன், சாவியை இறக்கினேன், காத்திருக்கச் சொன்னேன்.

எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சாவி மங்கிக் கறுத்தது. என்ன விட்டேன் என்று தெரியவில்லை. செல் சரி, கரைசல் சரி. ஞானராஜ் கைக்கட்டை அவிழ்த்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜன்னலோரம் இருந்த பெண் ஒருத்தி மெதுவாக எழுந்தாள். பெயர் உலகேஸ்வரி.

"சார், ஒயர மாத்தி மாட்டிட்டீய."

குனிந்து பார்த்தேன். சாவி நேர்முனையில் இருந்தது. இடது கைப் பழக்கத்தில் பக்கம் மாறிப் போயிருக்கிறது.

வீட்டில் பழகியது எல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. ஒத்திகை பார்க்காத ஒன்றைத்தான் சொன்னேன்.

"ஆமா. மாத்தி மாட்டிட்டேன். எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இப்ப சாவிக்கு என்ன ஆகுது? சொல்லு."

"கரையுது சார்."

"ஏன்?"

அவள் சொன்னாள். பாதி தப்பு. முன் பெஞ்சில் உதட்டைக் கடித்தவன் குறுக்கே புகுந்து திருத்தினான். அதிலும் பாதி தப்பு. இன்னொருவன் எழுந்தான். நான் கரும்பலகைக்குப் போய் இடது கையால் படம் போட்டேன். கோழி கிளறியது போல இருந்தது. அதைப் பார்த்து வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். எலக்ட்ரான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டேன். புரியாதபோது "திரும்பச் சொல்லுங்க சார்" என்று கேட்டார்கள். திரும்பச் சொன்னேன். ஒயரை மாற்றி மாட்ட உலகேஸ்வரியைக் கூப்பிட்டேன். மணி அடித்தபோது சாவியில் செம்பு ஏறத் தொடங்கியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது ஜெபசெல்வி பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. அவர் வகுப்புச் சுவர் மெல்லியது. எல்லாம் கேட்டிருக்கும்.

செப்டம்பர் 12, வியாழன்

ஞானராஜ் போன்.

"பேச்சு கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு சார். ஆனா பிள்ளைய ஒரு வார்த்தைய விடாமக் கேட்டுச்சு. நான் போனா இந்த அமைதி கெடைக்காது. காலாண்டு லீவு முடிஞ்சு வந்துருங்க."

ஜெபசெல்வியை இந்த ஆண்டு முடியும் வரையாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். ஒரு இடத்துக்கு இரண்டு பேர் முடியாது என்றார். வேறு வழி உண்டா என்று மறுபடி கேட்டேன். இல்லை என்றார்.

வடிவு பாயசம் வைத்தாள். அளவாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

பள்ளிக்குப் போய்ப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். ஜெபசெல்வி ஆய்வகத்தில் இருந்தார். எந்தப் பாடம் எதுவரை முடிந்திருக்கிறது, யாருக்குக் கணக்கு வராது, எந்தத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று வரிசையாகச் சொன்னார். ஆலங்குளம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். தினமும் பஸ் மாறிப் போக வேண்டும். சம்பளத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

"டீச்சர், என்னை மன்னி…" என்று தொடங்கினேன். நாக்கு அந்த இடத்தில் மடங்கிக்கொண்டது.

"வேண்டாம் சார். அந்தச் சொல்லு ஒங்களுக்குச் சரியா வர மாட்டேங்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பையில் எதையோ தேடினார். தேடி முடித்தபோது கண்களைத் துடைத்திருந்தார்.

"வருத்தம் இல்லன்னு சொன்னா பொய்யாயிரும். இருக்கு சார். ஆனா செஞ்சது தப்புன்னு தோணல. ரெண்டும் இருக்கு."

பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தேன். வெயில். கால் இழுத்தது. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டுக்குப் போங்கள் என்று கை காட்டினார். பேருந்து கிளம்பும் வரை நின்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

முதல் நாள்.

பதினொன்றாம் வகுப்பில் வருகைப் பதிவு. புதுப் பிள்ளைகள், எல்லாப் பெயரும் எனக்குப் புதிது. மெதுவாக வாசித்தேன். சில பெயர்கள் வந்தன, சில பெயர்கள் பாதி வந்தன. பாதி வந்தவர்களும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

பிரியதர்ஷினி என்ற பெயரில் நின்றுவிட்டேன். முதல் எழுத்தே பிடிபடவில்லை. வகுப்பு காத்திருந்தது. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எனக்குச் சிரமம் தரக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, தானே எழுந்து "உள்ளேன் ஐயா" என்றாள்.

"உட்காரும்மா" என்றேன். "நான் கூப்பிடுதேன். அதுக்கப்புறம் சொல்லு."

உட்கார்ந்தாள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டேன். முதல் முறை வரவில்லை. அடுத்த முறை நடுவில் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"பிரியதர்ஷினி" என்றேன்.

"உள்ளேன் ஐயா."

அடுத்த பெயருக்குப் போனேன்.